ஒட்டகச் சாணத்தில் போகும் நைட்ரஜன்: ஆப்பிரிக்காவில் கூடியதும் இந்தியாவில் குறைந்ததும் எப்படி?

ஒட்டகச் சாணத்துக்குக்கூடவா புள்ளிவிவரம் வைத்திருப்பார்கள் என்று கேட்டால், வைத்திருக்கிறார்கள். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, 1961 முதல் ஆண்டுவாரியாக, நாடுவாரியாக, கால்நடை வாரியாகக் கணக்குப் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. எருவில் நைட்ரஜன் எவ்வளவு, அதில் எவ்வளவு காற்றோடு போனது, எவ்வளவு தண்ணீரோடு போனது, எல்லாம் உண்டு. ‘ஒட்டகம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ஆப்பிரிக்கா, இந்தியா என்று இரண்டு இடங்களைக் குறித்தால் போதும், எண்கள் வந்து விழும். கோடாக வரைந்து பார்த்தால் ஆப்பிரிக்கக் கோடு மேலே மேலே ஏறும். இந்தியக் கோடு 1990-களுக்குப் பிறகு சறுக்குமரம் மாதிரி இறங்கும்.

மேலோட்டமாகப் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஆப்பிரிக்க மேய்ப்பர்கள் சுற்றுச்சூழலை மேலும் மேலும் கெடுக்கிறார்கள், இந்தியா திருந்திவிட்டது என்றுதான். பருவநிலை அறிக்கைகளில் இந்த மாதிரி ஒரு வரி நுழைந்துவிட்டால் அப்புறம் அதை வெளியே எடுப்பது கஷ்டம். நிதி யாருக்கு, கட்டுப்பாடு யாருக்கு என்பதெல்லாம் இத்தகைய வரிகளை வைத்துத்தான் பேசப்படுகிறது. ஆனால், அந்த இரண்டு கோடுகளும் நைட்ரஜனைப் பற்றிச் சொல்வது ரொம்பக் கொஞ்சம். எத்தனை ஒட்டகம் இருக்கிறது என்பதைத்தான் அவை வேறு அலகில் திரும்பச் சொல்கின்றன.

இழப்பு என்றால் எது?

நைட்ரஜன் என்பது உழவர்கள் சொல்லும் தழைச்சத்து. தீவனத்தில் இருக்கிற புரதத்தில் உடம்புக்குப் போக மிச்சமிருக்கும் நைட்ரஜன் இரண்டு வழியாக வெளியே வருகிறது. சாணத்தில் வருவது மெதுவாக மட்கி மண்ணுக்குப் போகும். சிறுநீரில் வருவது யூரியா. கடையில் மூட்டையாக வாங்குகிறோமே, அதே பொருள்தான். மண்ணில் உள்ள நொதி அதைச் சில நாட்களிலேயே அம்மோனியாவாக உடைத்துவிடும். சுண்ணாம்புத்தன்மை உள்ள மணல், சுடுகிற வெயில், ஓயாத காற்று, மூன்றும் சேர்ந்தால் அந்த அம்மோனியா மண்ணில் தங்காது, பறந்துவிடும். வெப்பநிலை 5 டிகிரி கூடினால் அம்மோனியா ஆவியாகும் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும் என்பது வேதியியல் கணக்கு.

‘ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று நம்மூரில் சொல்வார்கள். எரு எவ்வளவு சீக்கிரம் தன் சத்தை விடும் என்பதைப் பற்றிய பழமொழி அது. சீக்கிரம் விடுகிற சத்து பயிரின் வேருக்கும் சீக்கிரம் கிடைக்கும், பக்கத்தில் பயிர் இல்லாவிட்டால் சீக்கிரம் தொலைந்தும் போகும். ஒட்டகம் மேயும் நிலத்தில் பயிருக்கு எங்கே போவது?

நன்றாக மழை பெய்கிற ஊர் என்றால் நைட்ரேட் ஆகக் கரைந்து நிலத்தடி நீருக்கும் போகும். பாலைவனத்தில் அந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவின் 2006 கையேடே, மண் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிற அளவைத் தாண்டி மழை பெய்யாத நிலங்களில் இந்த வகை இழப்பைச் சுழியமாக வைக்கச் சொல்கிறது.

கடைசியாக நைட்ரஸ் ஆக்சைடு. அளவில் சிறியது, ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அம்மோனியா போனால் மேய்ப்பனுக்கும் நிலத்துக்கும் நஷ்டம். நைட்ரஸ் ஆக்சைடு போனால் உலகத்துக்கே நஷ்டம். இரண்டையும் ‘இழப்பு’ என்ற ஒரே சொல்லில் கட்டிவிட்டால் யாருடைய நஷ்டத்தைப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் புள்ளிவிவரத்தில் ‘இழப்பு’ என்ற தலைப்பில் வரும் எண், சேகரித்துக் குவித்துவைக்கப்படும் எருவிலிருந்து போவதை மட்டும்தான் காட்டும். மேய்ச்சல் நிலத்தில் விழுந்து கிடப்பதற்கு வேறு தலைப்புகள் இருக்கின்றன. ஒட்டகத்தின் வாழ்க்கையே மேய்ச்சல் நிலத்தில்தான். ஆகவே, ‘இழப்பு’ என்ற பெயரைப் பார்த்து அதை மட்டும் எடுத்துக் கண்டங்களை ஒப்பிடுகிறவர், சின்னத் துண்டை வைத்து முழுப் படத்தையும் பேசுகிறார்.

எண் எப்படிப் பிறக்கிறது?

யாரும் சோமாலியாவுக்கோ பார்மேருக்கோ போய்ச் சாணத்தை அள்ளி நிறுத்துப் பார்க்கவில்லை. 2006 கையேட்டின் கணக்கு இப்படிப் போகும்: ஆப்பிரிக்கா, ஆசியாவில் ஓர் ஒட்டகத்தின் சராசரி எடை 217 கிலோ. 1,000 கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.46 கிலோ நைட்ரஜன். பெருக்கினால் ஒரு ஒட்டகத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 36 கிலோ. இதைத் தலைக்கணக்கால் பெருக்கினால் மொத்த நைட்ரஜன். அதில் 20 சதவீதம் ஆவியாகும், இத்தனை சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு ஆகும் என்று மேலும் சில பெருக்கல்கள். அவ்வளவுதான்.

இதில் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது தலைக்கணக்கு ஒன்றுதான். மற்ற எல்லாமே மாறிலி. 1965-லும் 36 கிலோ, 2020-லும் 36 கிலோ. வறட்சியில் எலும்பும் தோலுமாக நிற்கும் ஒட்டகத்துக்கும் 36 கிலோ, மழைக்குப் பிறகு கொழுத்த ஒட்டகத்துக்கும் 36 கிலோ.

வேடிக்கை என்னவென்றால், ஒட்டகம் வயிற்றிலிருந்து விடும் மீத்தேனைக் கணக்கிடும்போது அதே கையேடு அதன் எடையை 570 கிலோ என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே நூலில், ஒரே விலங்கு, இரண்டு எடை! மீத்தேன் பக்கத்து எடையைக் கொண்டுவந்து நைட்ரஜன் கணக்கில் போட்டால் 36 என்பது 95-ஐத் தாண்டும். வாயுக்களின் பங்கும் இதே கதைதான். மேய்ச்சல் நிலத்தில் விழும் ஆடு, ஒட்டக எருவின் நைட்ரஜனில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடு ஆகிறது என்று 2006 கையேடு சொன்னது. 2019-ல் வந்த திருத்தம் அதை 0.3 சதவீதமாகக் குறைத்தது. எந்த மேய்ப்பனும் எதையும் மாற்றிச் செய்யவில்லை, ஆனாலும் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அளவீடு இல்லாத இடத்தில் மாறிலியை வைத்துத்தான் ஆரம்பிக்க முடியும். கையேடும் அதை முதல்படிக் கணக்கு என்றுதான் அழைக்கிறது. முதல்படியில் நின்றுகொண்டு கண்டங்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் தவறு.

தலைக்கணக்காவது சரியா?

கணக்கில் மாறுகிற ஒரே எண் தலைக்கணக்கு என்றால் அதுவாவது உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் பெரிய ஓட்டை.

கென்யாவில் 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு கால்நடைகளையும் வீடுவீடாக எண்ணினார்கள். ஒட்டகம் ஏறத்தாழ 30 லட்சம் என்று வந்தது. அதுவரை அரசு மதிப்பீடு 10 லட்சத்தை ஒட்டி இருந்தது. ஒரே வருஷத்தில் 20 லட்சம் குட்டிகள் பிறந்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்தவை எண்ணப்பட்டன, அவ்வளவே. சாட் நாட்டிலும் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நடந்த முழுக் கணக்கெடுப்பு பழைய மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது. எத்தியோப்பியாவின் ஆண்டு மாதிரிக் கணக்கெடுப்பு, அஃபார், சோமாலி மாநிலங்களில் நிலையாகக் குடியிருப்பவர்கள் பக்கமே நீண்ட காலம் நின்றது. ஒட்டகம் அதிகம் வைத்திருப்பவர்களோ நாடோடிகள். சோமாலியாவில் 1991-ல் அரசு குலைந்த பிறகு நாடு முழுவதும் கால்நடைகளை எண்ணும் நிலைமையே இல்லை. ஆனால் அட்டவணையில் அந்த ஆண்டுகளுக்கும் எண் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது அரசு கொடுத்ததா, மதிப்பீடா என்று ஒரு குறியீடும் இருக்கிறது. வரைபடம் வரையும்போது அந்தக் குறியீடு காணாமல் போகிறது.

ஆகவே, ஆப்பிரிக்கக் கோட்டின் ஏற்றத்தில் உண்மையான பெருக்கமும் உண்டு, எண்ணும் முறை மாறியதும் உண்டு. உலக ஒட்டக எண்ணிக்கை 1961-ல் சுமார் 1.3 கோடி, இப்போது 4 கோடிக்கு மேல், அதில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை ஆப்பிரிக்காவில். எது எவ்வளவு என்று பிரிக்காமல் ‘நைட்ரஜன் இழப்பு உயர்ந்தது’ என்று எழுதுவது நேர்மையாகாது.

தலைக்கணக்குக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே காட்டு ஒட்டகங்கள் 10 லட்சம் என்று 2000-களின் இறுதியில் சொன்னார்கள். 2009 முதல் 2013 வரை நடந்த அரசுத் திட்டத்தில் சுமார் 1.6 லட்சம் ஒட்டகங்கள் அகற்றப்பட்டன, பெரும்பாலும் சுட்டுத்தான். முடிவில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் சுமார் 3 லட்சம். கழித்துப் பாருங்கள், கணக்கு இடிக்கிறது. முதலில் சொன்ன 10 லட்சமே மிகைக் கணக்கு. இதற்கு நடுவே 2011-ல், ஒட்டகத்தைச் சுட்டால் அது விடாமல் போகும் மீத்தேனுக்காகக் கார்பன் கிரெடிட் தரலாம் என்று ஒரு முன்மொழிவும் வந்தது. சராசரி எண் ஒன்று கையில் கிடைத்தால் அதற்கு விலை வைக்க யாராவது வந்துவிடுகிறார்கள்.

ஒட்டகம் சும்மா விடாது

மாறிலி மறைக்கிற இன்னொரு விஷயம் ஒட்டகத்தின் உடம்புக்குள் இருக்கிறது. 1950-களில் ஷ்மிட்–நீல்சன் தம்பதி சஹாராவில் அல்ஜீரியப் பகுதியில் தங்கி ஒட்டகத்தை ஆராய்ந்தார்கள். புரதம் குறைந்த தீவனம் கிடைக்கும்போது ஒட்டகம் யூரியாவைச் சிறுநீரில் வீணாக்குவதில்லை என்று கண்டார்கள். ரத்தத்திலிருந்து அது திரும்ப இரைப்பைக்குப் போகிறது, அங்கே நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்குகின்றன, ஒட்டகம் அதையே செரித்துக்கொள்கிறது. எல்லா அசைபோடும் விலங்குகளும் ஓரளவு இதைச் செய்யும். வறண்ட புல்லும் முள்ளும் தின்கிற ஒட்டகம் இதில் கெட்டிக்காரன்.

அப்படியென்றால், சாஹேலில் கோடையில் காய்ந்த செடியைக் கடிக்கும் ஒட்டகத்தின் சிறுநீரில் போகும் நைட்ரஜன் குறைவாக இருக்க வேண்டும். வளைகுடாவில் பந்தயத்துக்காகவும் பாலுக்காகவும் கொட்டிலில் கட்டி, குதிரைமசாலும் தானியமும் போட்டு வளர்க்கும் ஒட்டகத்துக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. தின்ற புரதம் மிச்சப்பட்டு யூரியாவாக வெளியே போகும், கொதிக்கிற தரையில் விழுந்து அம்மோனியாவாகப் பறக்கும். கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே மாறிலி. பணக்கார நாட்டுத் தீவனத்தின் இழப்பை ஏழை நாட்டு ஒட்டகமும் சுமக்கிறது.

வளைகுடாவில் வேறொரு கூத்தும் நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒட்டகச் சாணத்தைச் சேகரித்து, சிமென்ட் ஆலையில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள். அவ்வளவு உலர்ந்த சாணம். நிலக்கரி மிச்சம், குப்பையும் குறைவு, சரிதான். ஆனால், அந்தச் சாணத்தில் இருந்த நைட்ரஜன் புகைபோக்கி வழியே போய்விட்டது. வீட்டு அடுப்பில் எரித்தாலும் அதே கதை.

எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்

பகலில் பரந்து மேயும்போது புழுக்கை அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுகிறது. இரவில் திருடனுக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து மந்தையை முள்வேலிப் பட்டிக்குள் அடைக்கிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதற்கு ‘போமா’ என்று பெயர். பெரிய மேய்ச்சல் பரப்பில் தின்ற நைட்ரஜன் ஒரு சின்ன வட்டத்துக்குள் இரவுதோறும் சேர்கிறது.

கென்யாவில் இத்தகைய பட்டிகளை அளந்து, 2020-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஒரு ஆய்வு வெளியானது. பட்டியைக் கைவிட்டுப் போன பிறகும் பத்தாண்டுகள் கணக்கில் அந்த மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வந்துகொண்டே இருந்தது. ஆப்பிரிக்காவில் மனித நடவடிக்கையால் வரும் நைட்ரஸ் ஆக்சைடில் சுமார் 5 சதவீதம் இப்படிப்பட்ட பட்டிகளிலிருந்து வரலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். வழக்கமான கணக்குகளில் இது தனியாகத் தெரிவதே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, தென்மேற்குக் கென்யாவில் 1,550 முதல் 3,700 ஆண்டுகளுக்கு முன் மேய்ப்பர்கள் மாடு, ஆடு அடைத்த இடங்கள் இன்றும் சுற்றுப்புறத்தைவிடச் சத்து மிகுந்த புல்வெளிகளாக இருப்பதைக் காட்டியது. அந்தப் பச்சைத் திட்டுகளைத் தேடி இன்றும் காட்டு விலங்குகள் வருகின்றன. ஒரே பட்டிதான்: வாயுவும் விடுகிறது, மூவாயிரம் ஆண்டுக்கு நிலத்தை உரமாக்கியும் வைக்கிறது.

ஆக, மந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை இடம் மாறுகிறது என்பது முக்கியமான எண். சில வாரங்களில் நகர்ந்துவிட்டால் எரு பரவும். ஆழ்துளைக் கிணற்றைச் சுற்றி மேய்ப்பர்களைக் குடியமர்த்திவிட்டால் எரு ஒரே இடத்தில் மலையாகக் குவியும், பயன்படாமல் வாயுவாகப் போகும். ‘நாகரிகப்படுத்துகிறோம்’ என்று நாடோடிகளைக் குடியமர்த்திய அரசுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. அட்டவணையிலும் அதற்கு இடமில்லை.

இன்னொன்று: 2020 முதல் 2023 வரை ஐந்து மழைப்பருவங்கள் தொடர்ந்து பொய்த்தபோது ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் மாடுகள் லட்சக்கணக்கில் செத்தன. வட கென்யாவில் சம்புரு, போரானா மக்கள் மாட்டை விட்டு ஒட்டகத்துக்கு மாறிவருகிறார்கள். ஒட்டகக் கோடு ஏறும்போது மாட்டுக் கோடு இறங்குகிறது. ஒன்றை மட்டும் பார்த்து ‘இழப்பு கூடியது’ என்பது, வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிய பணத்தை வருமானம் என்று சொல்வது மாதிரி.

இந்தியா குறைத்ததா, இழந்ததா?

இனி நம் நாட்டுக் கோட்டுக்கு வருவோம். 1977-ல் இந்தியாவில் ஒட்டகம் சுமார் 11 லட்சம். 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019-ல் 2.5 லட்சம். ஏழே ஆண்டில் 37 சதவீதம் சரிவு. இவற்றில் பெரும்பகுதி ராஜஸ்தானில், அங்கே 2.13 லட்சம்.

காரணங்கள் ஒன்றிரண்டல்ல. டிராக்டரும் ஜீப்பும் வந்தன. கால்வாய்ப் பாசனம் மேய்ச்சல் நிலத்தை வயலாக்கியது. கும்பல்கர் சரணாலயம் போன்ற காடுகளில் ரைகா மேய்ப்பர்களுக்கு வழி அடைபட்டது. ராஜஸ்தான் அரசு 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, 2015-ல் ஒட்டகத்தை வெட்டவும், அனுமதியின்றி வெளிமாநிலம் கொண்டுபோகவும் தடை போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால், ஆண் குட்டியை விற்க முடியாமல் விலை விழுந்தது. விற்க முடியாத விலங்கை யார் வளர்ப்பார்கள்?

இப்போது கையேட்டின் அதே 36 கிலோவை வைத்தே கணக்குப் போடலாம், அதன் குறைகளைத் தெரிந்துகொண்டே. 1977-ல் இந்திய ஒட்டகங்கள் வெளியேற்றிய நைட்ரஜன் சுமார் 40,000 டன். 2019-ல் சுமார் 9,000 டன். வித்தியாசம் 31,000 டன். 45 கிலோ யூரியா மூட்டையில் இருக்கும் நைட்ரஜன் 20 கிலோ 700 கிராம். அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 15 லட்சம் மூட்டைக்குச் சமமான சத்து தார் பாலைவனத்தின் ஓரத்து மண்ணுக்கு வருவது நின்றுவிட்டது. அத்தனையும் வயலுக்குப் போயிருக்காது, பாதிகூடப் போயிருக்காது என்றே வைத்துக்கொள்வோம். மீதியும் சின்னத் தொகை இல்லை. அந்த இடத்தை நிரப்பும் யூரியா ஆலையில் இயற்கை எரிவாயுவை எரித்துச் செய்தது. அதன் புகை ஒட்டகக் கணக்கில் வராது, தொழிற்சாலைக் கணக்கில் வரும். பருவநிலை அறிக்கையில் ஒட்டக வரி மட்டும் அழகாகக் குறைந்திருக்கும்.

ராஜஸ்தானில் அறுவடை முடிந்த வயலில் இரவு மந்தையை நிறுத்தச் சொல்லி, விவசாயிகள் ரைகாக்களுக்குத் தானியமோ பணமோ கொடுப்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டில் ஆட்டுக்கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிடை போட்ட வயலை உடனே ஒரு உழவு உழுதுவிட்டால் அம்மோனியா பறப்பது கணிசமாகக் குறையும். இதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் தேவையில்லை. ரசாயன உரத்துக்கு மானியம் கொடுக்கிற அரசு, கிடைக்கு ஏன் கொடுக்கக் கூடாது? ஓர் ஒட்டகத்துக்கு இத்தனை இரவு என்று கணக்கிட்டு மேய்ப்பனுக்கு நேரடியாகப் பணம் போட்டால், ஒட்டகம் வைத்திருக்க ஒரு காரணம் கிடைக்கும், வயலுக்கும் சத்து கிடைக்கும்.

பிகானேரில் 1984 முதல் தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ஜெய்சல்மேரின் வறண்ட மேய்ச்சல், பாலியின் வயலோரக் கிடை, கட்ச் கடலோரத்தில் அலையாத்திக் காட்டுக்கு நீந்திப் போய் மேயும் காராய் ஒட்டகம் என்று மூன்று இடங்களை எடுத்து, வெயில், மழை, குளிர் மூன்று பருவத்திலும் எடை, தீவனம், சாணம், சிறுநீர் நான்கையும் அளந்தால் இந்தியாவுக்கென்று ஒரு சொந்த எண் கிடைக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கால்நடைக் கணக்கெடுப்பில் முதல் முறையாக நாடோடி மேய்ப்பர்களின் கால்நடைகளைத் தனியாகப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்தார்கள். அந்தத் தலைக்கணக்கை இந்த அளவீட்டோடு சேர்த்துப் போட்டால்தான் இந்தியக் கோட்டை வேறு எந்த நாட்டுக் கோட்டோடும் வைத்துப் பேச முடியும். அதுவரை அந்த இறக்கத்தை மாசு குறைந்த கணக்கில் அரசு எழுதிக்கொள்ளக் கூடாது.